தலைகீழாக நின்ற சைக்கிளும் சுவரில் ஒரு நெஞ்சும்

“...அதெல்லாம் கிடக்கட்டும், டீச்சர். பாடம் முடிய இன்னும் அஞ்சு நிமிசம்தான் இருக்கு. சுவரில நிண்ட படம் எங்க?”

இப்படிக் கேட்டவர் எங்கள் ஆசிரியர் கலாசாலையின் விரிவுரையாளர். கேட்ட இடம், வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பு. அந்த நேரம் அறைக்குள்ளும் வாசலிலுமாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள், எந்த வகுப்பையும் சேராத ஊர்ச்சனம் பதினைந்து பேர் இருந்தார்கள், தலைகீழாக நிறுத்தப்பட்ட ஒரு சைக்கிள் இருந்தது, ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தது. ஆட்டுக்குட்டி யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விரிவுரையாளரின் கையில் ஒரு தாள். நான் அரசாங்க ஆசிரியையாக வெளியே போவேனா, வெறுங்கையோடு வீட்டுக்குப் போவேனா என்பது அந்தத் தாளில் அவர் போடப்போகும் ஒரு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’யில் தொங்கிக்கொண்டு நின்றது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. சுவரில் படம் இல்லைதான்.

கதையை முதலில் இருந்து சொன்னால்தான் சரிவரும்.

கலாசாலைக்கு எடுபடுவதற்கு முன் நான் ஏழு வருசம் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது, மற்ற எல்லாத் தொல்லையும் உண்டு. சண்டைக் காலத்தில் படித்த வாத்திமார் டவுனுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட, உயர்தரம் எழுதிய யாரும் வகுப்புக்குள் நுழையலாம் என்ற நிலைமை வந்தது. நானும் நுழைந்தேன். படிப்பிப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பின்னம் படிப்பிக்க வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோனேன். அரைவாசி, கால்வாசி வரைக்கும் நன்றாகப் போனது. அரைக்காலுக்கு வருவதற்குள் பாடத்தைத் தின்றுவிட்டார்கள். ஆனால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் காலுக்கும் அரைக்காலுக்கும் வித்தியாசம் மறக்கவில்லை. வயிற்றில் போனது அல்லவா?

நாவற்குடாவில் எங்கள் அம்மா, நான் கலாசாலைக்குப் போன முதல் நாளே, “மகள் அரசாங்க டீச்சர்” என்று தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டா. “இன்னும் ஆகலம்மா” என்றால், “நான் சொல்லிப்போட்டன், இனி நீதான் ஆகோணும்” என்பா. மாமாங்கத்தானுக்கு நேர்த்தியும் வைத்திருந்தா. மனிசரிடம் சொன்னதையாவது மாற்றிச் சொல்லலாம், சாமியிடம் என்ன செய்வது?

எங்கள் விரிவுரையாளர் கெட்ட மனிசன் இல்லை. அதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எப்போதும் சப்பாத்து. எங்களுக்குச் ‘செய்து கற்றல்’ என்ற அலகைப் படிப்பித்தவர் அவர்தான். படிப்பித்தார் என்றால், கதிரையில் இருந்தபடி வாசித்தார். நாங்கள் எழுதினோம்.

“பிள்ளை தன் உடலால் கற்கின்றது. முற்றுப்புள்ளி. கையும் காலும் மூளையின் வாசல்களாகும். முற்றுப்புள்ளி. ஆர் அங்க ஆடுற? ஆடாம எழுதுங்க.”

நாற்பது பேர், நாற்பது நிமிசம், கால் விறைக்க விறைக்க உடம்பால் கற்பதைப் பற்றி எழுதினோம்.

அவருக்கு உயிர் என்றால் கலாசாலையில் இருந்த மேந்தலை எறியிதான். கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாக விழுத்தும் இயந்திரம் அது. அலுமாரிக்குள் பூட்டி, மேலே பூப்போட்ட துணி உறை. கரன்ட் இல்லாத நாட்களில் அதைப் போட முடியாது. கரன்ட் இருக்கும் நாட்களில், கூடிக் குறைந்து வந்து குமிழ் எரிந்துபோகும் என்று போடமாட்டார். இரண்டு வருசத்தில் அது எரிந்து நான் கண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அவர் குமிழ் எரிகிறதா என்று சோதித்துவிட்டு, “சரி, நல்லா இருக்கு” என்று அணைத்து வைத்தார்.

இறுதிப் பரீட்சைப் பாடத்தில், முதல் தரம் அவர் என்னைச் சித்தியடைய விடவில்லை. பாடம், இதயமும் குருதிச் சுற்றோட்டமும். நான் வகுப்புத் தரையில் சோக்கால் நான்கு அறை கீறி, பிள்ளைகளை இரத்தமாக்கி நடக்க விட்டேன். நடந்தவர்கள் ஓடினார்கள். ஓடியவர்கள் இடது கீழறை வாசலில் நெரிபட்டு, இரண்டு பேர் அடிபட்டுக்கொண்டார்கள். இரத்தம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது. தாளில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு: ‘பாட முடிவில் கற்பித்தற் சாதனத்தின் உதவியுடன் மீட்டல் செய்யப்பட்டதா?’ அதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினார்.

“சேர், பிள்ளைகள்தானே சாதனம்?” என்றேன்.

“பிள்ளை சாதனம் இல்ல, டீச்சர். சாதனம் எண்டா மேசையில வெச்சா வெச்ச இடத்தில இருக்கோணும்” என்றார். “மூணு கிழமை தாறன். அதே பாடம். கடைசியில சாதனத்தோட மீட்டல் இல்லாட்டி, மற்றதுக்கெல்லாம் நூறு போட்டும் பிரயோசனம் இல்ல. மூணாந்தரம் எண்டு ஒண்டு இல்ல, தெரியும்தானே?”

தெரியும். அதனால்தான் நான் சொந்தமாக ஒரு எறியி செய்யத் துணிந்தேன்.

படம் கீறக் கண்ணாடித் தாள் வேண்டும். அது எங்கேயும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முந்தின வருசம் இருமல் வந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே மெத்தைக்குக் கீழே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கையோடு, அம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவா. கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைக் கரைத்து அதற்குள் ஊறப்போட்டால், கறுப்பெல்லாம் கழன்று வெறும் தகடு வரும் என்று யாரோ சொன்னார்கள். மெய்தான். நன்றாகக் கழன்றது. கொடியில் காயப்போட்டிருந்ததை அம்மா கண்டுவிட்டா.

“ஐயோ, என்ட நெஞ்சக் கழுவிப்போட்டாளே!” வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் எழும்பின. “எனக்கு வருத்தம் இல்லயெண்டு டொக்டர் சொன்னத்துக்கு அது ஒண்டுதானே அத்தாட்சி! இனி நான் இருமினா ஆரு நம்புவா?”

கழுவிய தகட்டில் இரண்டு நிற மையால் இதயம் கீறினேன். நல்ல இரத்தம் சிவப்பு, கெட்ட இரத்தம் நீலம். பிஸ்கட் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டேன். பூதக்கண்ணாடி வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார்: “என்னத்தப் பாக்கப் போறீங்க, தங்கச்சி?”

“நெஞ்ச, நானா” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ஆர்ர நெஞ்ச?”

“அம்மாட.”

“யா அல்லாஹ்! அப்ப பெரிய கண்ணாடியா எடுங்க” என்று உள்ளே போய்த் தேடி, இருந்ததிலேயே பெரியதைத் தந்தார்.

டோர்ச் குமிழுக்கு எட்டுப் பற்றரி. அதில்தான் காரியம் பிழைத்துப்போனது. வாவியைக் கடக்கும் துறையடியில் ஆமிக்காரரின் சோதனைச்சாவடி. இயக்கத்தின் கைக்குப் போய்விடும் என்று பற்றரி அந்தப் பக்கம் போக ஒண்ணாது, எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் படிப்புக்கு என்றால் விடுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பெடியன் ஒருவன், ஆமி உடுப்பில், பெட்டியைத் திறந்து தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, “இது?” என்றான். ஓம் என்று தலையாட்டினேன். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் எது எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் தங்கள் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு தகட்டைப் பக்குவமாகப் பெட்டிக்குள் வைத்துத் தந்தான். பற்றரியைத் தரவில்லை.

ஓடத்தில் இருந்து அழுதேன். நாங்கள் அந்த ஓடத்தைப் ‘பாதை’ என்போம். ஆட்கள், மோட்டார்சைக்கிள், மாடு எல்லாம் ஏறும் அகன்ற மிதவை. நான் அழுததைக் கண்டு மாடு மட்டும்தான் திரும்பிப் பார்த்தது.

நான் பாடம் எடுக்கவிருந்த படுவான்கரைப் பள்ளியின் அதிபர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பற்றரி இல்லாட்டி என்ன டீச்சர்? என்ட சைக்கிள் கிடக்கே. அதில டைனமோ இருக்கு. பின்னேரம் வீட்ட வந்து பாருங்க.”

போனேன். முற்றத்தில் அவருடைய சைக்கிள் இருக்கையையும் கைபிடியையும் நிலத்தில் ஊன்றித் தலைகீழாக நின்றது. டைனமோ பின்சில்லில் உரச, அதிலிருந்து வயர் றேடியோவுக்குப் போனது. ஒருவர் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்ற, ஊர் சுற்றியிருந்து செய்தி கேட்டது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் கம்மும். அப்போது, “டேய், கொழும்பு சாகுதுடா, சுத்து!” என்று சத்தம் வரும். பற்றரி இல்லாத ஊர்களில் அந்தக் காலம் அப்படித்தான் செய்தி கேட்டார்கள். எங்கே ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கிறதோ, அங்கே செய்தி. இது அங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் விட்டேனே, அதுதான் என் பிழை.

செய்தி முடிந்த கையோடு அதே வயரை என் பெட்டிக்குள் இருந்த குமிழுக்குக் கொழுவிப் பார்த்தோம். அதிபர் வீட்டுச் சுவரில் இதயம் வந்தது. அதிபரின் மனைவி, “ஆ, நெஞ்சாங்குலை!” என்றா. எனக்கு உயிர் வந்தது.

சுற்றுவதற்கு ஆள் தேடினேன். பெடியன்கள் நெருப்பு மாதிரிச் சுற்றுவார்கள், குமிழ் வெளிச்சம் பொங்கும், பிறகு அணையும். வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஒவ்வொரு நாளும் தன் தங்கச்சிமார் இரண்டு பேரையும் தோணியில் ஏற்றி, தானே வலித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறவள். வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். அவள் பெடலைப் பிடித்துத் துடுப்புப் போடுகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றினாள். வெளிச்சம் ஆடாமல் அசையாமல் நின்றது.

“எப்படி புள்ள?” என்றேன்.

“கெதியாப் போட்டா தோணி ஆடும், டீச்சர்” என்றாள்.

அந்த நாள் வந்தது. அரைச்சுவர் வகுப்பு, அதனால் வெளிச்சத்தை மறைக்கப் பிள்ளைகள் வீட்டுப் பாய்களைக் கொண்டுவந்து சுற்றிவரக் கட்டினார்கள். விரிவுரையாளர் சப்பாத்தைப் பையில் வைத்து, வெறுங்காலோடு சேற்று வழியால் வந்து, வாசற்படியில் கால் துடைத்துச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். அந்தப் பிள்ளை சுற்றினாள். சுவரில் சுளகு அளவில் இதயம் விழுந்தது. பிள்ளைகள் “ஓ!” என்றார்கள். விரிவுரையாளர் தலையை ஆட்டினார். ஒரு தடவைதான் ஆட்டினார், ஆனால் நான் கண்டேன். அந்த நிமிசம் நான் அரசாங்க ஆசிரியை. பதினைந்து நிமிசம் அரசாங்க ஆசிரியையாக இருந்தேன்.

பிறகு வாசலில் ஒரு நிழல். வட்டையில் வயல்வேலை முடித்து, தோளில் மண்வெட்டியோடு வீட்டுக்குப் போன ஒருவர். தலைகீழாக நிற்கும் சைக்கிளைக் கண்டார். சுற்றிவரக் கட்டியிருந்த பாயைக் கண்டார். குனிந்து உள்ளே வந்து, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குந்தி, என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: “துவங்கித்தா டீச்சர்?”

“ஓம், துவங்கித்து” என்றேன். நான் சொன்னது பாடத்தை.

அவர் எழும்பி ஓடினார். வெளியில் கூப்பிடுவது கேட்டது: “பகல்ல செய்தியாம்! பாயால மறைச்சு வெச்சுக் கேக்கிறாங்க! பெரிய செய்தி போல கிடக்கு!”

இரண்டு நிமிசம் பிடிக்கவில்லை. ஒருவர், இருவர், பிறகு ஒரு கூட்டம். வாவியில் இறால் வடித்துக்கொண்டு நின்ற ஒரு அக்கா, கைவலை சொட்டச் சொட்ட வந்து முன்வரிசையில் இருந்தா. ஆட்டுக்குட்டி அப்போதுதான் வந்திருக்கவேண்டும்.

“றேடியோ எங்ககா?”

“றேடியோ இல்ல, படம் போகுது.”

“படத்தோட செய்தியா! அந்தா, சுவரில பாருங்க.”

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். சிவப்பில் பாதி, நீலத்தில் பாதி, நடுவில் ஒரு கோடு.

மண்வெட்டிக்காரர் கேட்டார்: “டீச்சர், சிவப்பு ஆர்ர பக்கம், நீலம் ஆர்ர பக்கம்?”

“நடுவால போறது வாவியா?” என்றார் இன்னொருவர். “அப்ப நம்மட ஊர் எந்தக் கரையில வருது?”

கடைசி வரிசையில் விரிவுரையாளர் எதையோ எழுதுவது கேட்டது. அப்போதுதான் அந்த வகுப்பின் பெடியன் ஒருவன் பொறுக்க முடியாமல் எழும்பினான். “வரைபடம் இல்ல சித்தப்பா, இது இதயம்! உங்கட நெஞ்சுக்குள்ள இருக்கிறது!”

“எனக்குள்ளயா? இப்படி ரெண்டு நிறத்திலயா?”

சனம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. செய்தி இல்லை என்று தெரிந்த பிறகும், வந்ததற்கு எதையாவது அறிந்துகொண்டு போவோம் என்று இருந்தார்கள். கேட்டார்கள். நான் சொல்வதற்கு முன் பிள்ளைகள் சொன்னார்கள். நடுக்கோட்டில் ஓட்டை இருந்தால் வருத்தம் என்றார்கள். வாசல்களில் வால்வு உண்டு, இரத்தம் அதால் போகலாம், திரும்பி வர ஒண்ணாது என்றார்கள்.

“நம்மட சோதனைச்சாவடி போல” என்றார் மண்வெட்டிக்காரர்.

“அதவிட நல்லம்” என்றா இறால் அக்கா. “இது ஆக்கள மறிச்சு வெச்சுக்கொண்டு நிக்காது.”

அந்த அக்காதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்ததும், திருத்தியதும். சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தவ, சுற்றிக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகில் கை வைத்துப் பார்த்தா. “இஞ்ச வாங்ககா! இந்தப் புள்ளைக்கு நெஞ்சு அடிக்கிற அடியப் பாருங்க! அந்தச் சுவரில கிடக்கிறது சும்மா கிடக்கு.”

பிள்ளை சுற்றுவதை விட்டாள். படம் போனது. இருட்டில் ஒருவரும் ஒருவரையும் பார்க்க முடியாமல், யாரோ பாயை அவிழ்த்தார்கள். வெளிச்சம் வந்தபோது வகுப்பில் இருந்த எல்லாருடைய விரலும் பக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டில் இருந்தது.

நாடி எண்ணுவது அடுத்த பாடம். நான் அதை அப்போது படிப்பிக்க நினைத்ததே இல்லை. எண்ணுவதற்கு மணிக்கூடு வேண்டும். அந்தக் கரையில் பற்றரி மணிக்கூடுகள் எல்லாம் நின்று வருசமாகிவிட்டது. அக்கா கண்டுபிடித்தா: “பின்னுக்கு இருக்கிற ஐயா! சாவி குடுக்கிற மணிக்கூடு கட்டியிருக்கிறீங்க. சும்மாதானே இருக்கிறீங்க, பாத்துச் சொல்லுங்களன்.”

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“துவங்கு” என்றார். ஒரு நிமிசம் கழித்து, “நிப்பாட்டு.”

சுற்றிய பிள்ளைக்கு நூற்று முப்பது. மண்வெட்டிக்காரருக்கு அறுபத்திரண்டு. “உழைக்கிற ஆளுக்குக் குறையத்தான் அடிக்கும்” என்று அவர் சொல்ல, எழுபது வந்தவர் கோபித்துக்கொண்டார். ஒருவருக்கு நாடியே அகப்படவில்லை. “டீச்சர், எனக்கு இல்ல!” என்று அவர் முகம் வெளுக்க, அவருடைய மனைவி, “கலியாணம் முடிச்ச நாளில இருந்து நானும் தேடுறன்” என்றா. பிள்ளைகள் ஓடிப்பார்த்தால் கூடுமா என்று கேட்டு, பள்ளியைச் சுற்றி ஓடி வந்து மறுகா எண்ணினார்கள். வகுப்பில் ஒருநாளும் பேசாத அந்தத் தோணிப் பிள்ளை, சித்தப்பாமாருக்கு நடுவில் நின்று, “பெருவிரலால பிடிக்க வேணாம், பெருவிரல்லயும் அடிக்கும், கணக்குப் பிழைக்கும்” என்று அதட்டிக்கொண்டு நின்றாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிசத்தில் அவளே பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது.

இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை கைக்குள் அடங்கும் திரையில் இதயத்தைப் பார்க்கிறாள். தொட்டால் சுழல்கிறது, அடிக்கிறது, சத்தமும் போடுகிறது. நல்ல வடிவு. நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் எந்தச் சாதனத்தைக் கண்டாலும் என் வாயில் வருவது ஒரே கேள்வி: இதை யார் சுற்றுகிறது?

அன்றைக்கு ஒருவரும் சுற்றவில்லை. அப்போதுதான் பின்னால் இருந்து அந்தக் குரல் வந்தது. பாடம் முடிய அஞ்சு நிமிசம், படம் எங்கே?

சத்தம் அடங்கியது. பாய் அவிழ்த்த ஆட்களுக்கும் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று விளங்கியது. எனக்கு அம்மாவின் முகம் வந்தது. கழுவிய நெஞ்சு, நேர்த்தி, நாவற்குடாத் தெரு எல்லாம் வந்தது.

“சுத்தினாத்தான் படம் வரும், சேர்” என்றேன். “சுத்த ஆள் இல்ல. எல்லாரும் எண்ணிக்கொண்டு நிக்கிறாங்க. நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வரல்ல.”

விரிவுரையாளர் எழும்பினார். தாளை மேசையில் வைத்தார், பேனையை மூடாமல் அதற்கு மேல் வைத்தார். நடந்து முன்னுக்கு வந்தார். “ஆராவது ரெண்டு பேர் அந்தப் பாயத் தூக்கிப் பிடியுங்க” என்றார். மண்வெட்டிக்காரரும் நாடி அகப்படாதவரும் பிடித்தார்கள். இருட்டியது. சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு மடிப்புக் கலையாத அந்தக் காற்சட்டையோடு சீமெந்துத் தரையில் சப்பாணி கட்டி இருந்து, வலக் கையால் பெடலைச் சுற்றத் தொடங்கினார்.

அவருக்குச் சுற்றத் தெரியவில்லை. ஒருக்கால் கெதி, ஒருக்கால் மெது. வெளிச்சம் பொங்கியது, தணிந்தது, மறுகா பொங்கியது. சுவரில் அந்த இதயம் முதல்முறையாக அடித்தது.

“மீட்டலச் செய்யுங்க, டீச்சர்” என்றார், மூச்சு வாங்க. பிறகு, சுற்றுவதை விடாமல், மணிக்கூடு கட்டிய இடக் கையை அந்தத் தோணிப் பிள்ளையிடம் நீட்டினார்.